வேலையாளின் முகம்: பாரிஸிலிருந்து களுத்துறை வரை

யதார்த்தவாதம் என்ற சொல்லை நாம் இலக்கியத்தின் வழியாகவே அறிந்து கொண்டோம். அறுபதுகளில் முற்போக்கு எழுத்தாளர்களும் விமர்சகர்களும் நடத்திய விவாதங்கள் அச்சொல்லை எமது காதுகளுக்குப் பழக்கமாக்கி விட்டன. உழைப்பவனைக் கதையின் நடுவில் நிறுத்துவதே யதார்த்தவாதம் என்று நாம் பொருள் கொண்டோம். ஆனால் அதே சொல்லைத் தன் பெயரோடு சேர்த்து வாசலில் எழுதி வைத்து, மக்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கிப் படம் காட்டியவர் ஓர் ஓவியர். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அருகே தனிக் கொட்டகை போட்ட குஸ்தாவ் கூர்பேயே அவர்.

கூர்பே 1849இல் தீட்டிய 'கல்லுடைப்போர்' இன்று இல்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945இல், அது அழிந்து போயிற்று. எஞ்சியிருக்கும் பிரதிகளைப் பார்ப்பவர் ஒன்றை அவதானிக்கலாம். கல்லுடைக்கும் கிழவனின் முகத்தைத் தொப்பி மறைக்கிறது. இளையவன் எமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். மில்லேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' 1857இல் வந்தது. அதிலும் முகங்கள் நிலத்தை நோக்கிக் குனிந்தவை. உழைப்பு கன்வஸுக்குள் வந்து விட்டது, முகம் இன்னும் வரவில்லை. வயலில் நிற்பவரைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஓவியன் அப்படித்தான் பார்ப்பான் என்று சமாதானம் சொல்லலாம். வீட்டு வேலையாள் விடயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. அவள் ஓவியன் இருக்கும் அதே கூரையின் கீழ் நிற்கிறாள், அவனுடைய கோப்பையைக் கழுவுகிறாள். ஆகவே யதார்த்தவாதத்துக்கு உண்மையான பரீட்சை வயலில் நடப்பதல்ல, வீட்டுக்குள் நடப்பது என்பதே எனது எண்ணம்.

அந்தப் பரீட்சைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் படம் எதுவார் மனேயின் 'ஒலிம்பியா'. 1863இல் தீட்டப்பட்டு 1865இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கட்டிலில் ஆடையின்றிச் சாய்ந்திருக்கும் வெள்ளைப் பெண் எம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். கட்டிலுக்குப் பின்னால், தலையில் துணி கட்டி, வெளிர் ரோஜா நிறச் சட்டை அணிந்த கறுப்புப் பணிப்பெண் ஒருத்தி கடதாசியில் சுற்றிய பூங்கொத்தை நீட்டுகிறாள். எமது வாசகர்களிற் பலர் இப்படத்தைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டி விடுவர். புரட்டும்போது வலப்பக்கத்தில் முழு ஆடையோடு நிற்பவளும் சேர்ந்து போய் விடுகிறாள் என்பது பரிதாபம். பாரிஸ் மக்கள் பக்கத்தைப் புரட்டவில்லை, கூச்சலிட்டார்கள். ஆனால் அவர்களுடைய கூச்சலும் கட்டிலில் கிடந்தவளைப் பற்றியதே. பணிப்பெண்ணை அவர்களும் பார்க்கவில்லை.

மனேக்கு ஆதரவாகப் பேனா பிடித்தவர் எமிலி சோலா. சுரங்கத் தொழிலாளரைப் பற்றிப் பின்னாளில் 'ஜெர்மினால்' எழுதிய அதே சோலாதான். 1867இல் அவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பணிப்பெண் எப்படி இடம்பெறுகிறாள் தெரியுமா? மனேக்குப் படத்தில் ஒரு கருமைத் திட்டு தேவைப்பட்டது, அதற்காக அவளையும் ஒரு பூனையையும் மூலையில் வைத்தார் என்பது சோலாவின் விளக்கம். நண்பனின் வக்காலத்தே இப்படியென்றால் எதிரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதப் பிறவியும் ஒரு பூனையும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டது, பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆனால் ஓவியன் தன் நண்பனை விடக் கொஞ்சம் நேர்மையானவன். மனேயின் குறிப்புப் புத்தகத்தில் அவளுடைய பெயர் இருக்கிறது. லோர் என்று எழுதி, அழகிய கறுப்புப் பெண் எனக் குறித்து, வென்ரிமீல் வீதி, 11ஆம் இலக்கம், மூன்றாம் மாடி என்று முகவரியையும் பதிந்து வைத்திருக்கிறார். அவளைத் தனியே வைத்து மனே தீட்டிய உருவப்படம் ஒன்று இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது. அந்தப் படத்துக்கு நெடுங்காலம் இனப்பெயர் ஒன்றே தலைப்பாக இருந்தது. 2018இல் நியூயோர்க்கிலும், 2019இல் பாரிஸின் ஓர்சே அரும்பொருளகத்திலும் நடந்த கண்காட்சிகள்தான் கறுப்பு மொடல்களின் பெயர்களைத் தேடி எடுத்துச் சுவரில் எழுதின. ஒரு பெயர் குறிப்புப் புத்தகத்திலிருந்து சுவருக்கு வர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் பாரிஸ் கதை, எமக்கென்ன என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்காகவே களுத்துறைக்கு வருகிறேன்.

எமது வரலாற்றுப் பாடநூலில் 'கோல்புறூக் – கமரன்' என்று பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள், இராஜகாரிய முறையின் ஒழிப்பு, சட்டநிரூபண சபை என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுவோம். அந்தச் சாள்ஸ் ஹே கமரனின் மனைவிதான் ஜூலியா மார்கரெட் கமரன். இது பாடநூலில் இல்லை. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசெம்பரில், நாற்பத்தெட்டாவது வயதில், மகள் பரிசளித்த கமராவோடு புகைப்படக் கலைக்குள் நுழைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய உருவப்படக் கலைஞர்களில் ஒருவரானவர். கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன கணவர் பின்பு இந்நாட்டில் கோப்பித் தோட்டங்களின் சொந்தக்காரரானார். அத்தோட்டங்கள் அவர் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 1869இல் தலைகாட்டிய இலை நோய் இந்நாட்டுக் கோப்பியையே அழித்துக் கொண்டிருந்த காலத்தில், 1875 ஒக்டோபரில், இருவரும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டனர். களுத்துறையில் கடலருகே மகனோடு வசித்தனர்.

இங்கிலாந்தில் கமரன் எடுத்த மிகச் சிறந்த படங்கள் பலவற்றில் இருப்பது அவருடைய வீட்டு வேலைக்காரிகள். மேரி ஹிலியர் என்ற பணிப்பெண்ணைக் கிறிஸ்தவ ஓவியங்களில் வரும் மர்யம் அம்மையாராக மீண்டும் மீண்டும் படமெடுத்தார். மேரி ரயன் இன்னொருத்தி. பிச்சை எடுத்துக் கொண்டிருந்த தாயின் கையிலிருந்து கமரன் எடுத்து வளர்த்த பிள்ளை. வீட்டு வேலையும் செய்தாள், படத்துக்கும் நின்றாள். அவளைக் கண்டு விரும்பி 1867இல் மணம் முடித்தவர் ஹென்றி கொட்டன். வங்காளத்தில் உயர் அதிகாரியாக இருந்து, 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த அதே கொட்டன். ஒரு வேலைக்காரியின் புகைப்படம் அவளுடைய வாழ்க்கையை எங்கே கொண்டு போய் விட்டது பாருங்கள்! இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. கமரன் தன் வேலைக்காரிகளின் முகத்தில் அழகைக் கண்டார், கண்டதை உலகுக்குக் காட்டினார். ஆனால் வேலைக்காரியாக அல்ல. முக்காடிட்டு, குழந்தையைக் கையில் கொடுத்து, புனிதவதியாக்கிய பிறகே காட்டினார். வாளியும் துடைப்பமும் படத்துக்கு வெளியே நின்றன.

களுத்துறையில் நிலைமை மாறுகிறது. இங்கு அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. நான் பார்த்தவை நூல்களில் வந்த அச்சுப் பிரதிகள். அவற்றில் உள்ளவர்கள் ஊரவர், வேலையாட்கள், தோட்டங்களில் உழைத்த தமிழர். இவர்களை அவர் மர்யமாகவோ வேறு காவியப் பாத்திரமாகவோ ஆக்க முயலவில்லை. உடுத்திருந்த உடையோடு, நின்ற இடத்தில் நிறுத்தினார். இதனால் ஒரு விநோதம் நிகழ்ந்து விட்டது. யதார்த்தவாதி என்று எவரும் அழைக்காத, கனவுப் படங்களுக்குப் பேர் போன இந்தப் பெண்மணி, தன் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், எமது மண்ணில், யதார்த்தவாதிக்கு மிக அருகில் வந்து விடுகிறார். அக்கால முறைப்படி ஈரமான இரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டில் படமெடுக்க வேண்டும்; நிற்பவர் பல விநாடிகள் அசையக் கூடாது. அந்த விநாடிகளில் நடிப்பு கரைந்து போகும். களுத்துறை முகங்களில் தெரிவது நடிப்பு கரைந்த பின் எஞ்சுவதுதான். ஒருவித இறுக்கம், கொஞ்சம் சலிப்பு, 'எப்போது முடியும்' என்ற கேள்வி. எஜமானி சொன்னால் அசையாமல் நிற்பதும் வேலைதானே. கமரனின் மர்யம்களை விட இந்த முகங்களே எனக்குப் பெரியவையாகப் படுகின்றன.

ஆனால் பெயர்? 1878ஆம் ஆண்டின் படமொன்றுக்கு 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்று தலைப்பு. அதன் கீழே கமரன் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்று சொல்கிறார் என்றும், தனக்கு நூறு வயது என்று கூறிக் கொள்கிறார் என்றும் அதில் உள்ளது. ஆக அவர் அவர்களோடு பேசியிருக்கிறார், அல்லது யாரையோ கொண்டு பேசுவித்திருக்கிறார். வயதைக் கேட்டார், உறவைக் கேட்டார், கிழவரின் பதிலை முழுதாக நம்பவுமில்லை, அந்த அவநம்பிக்கையையும் எழுதி வைத்தார். இத்தனையும் கேட்டவர் பெயரைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதவில்லை. மேரி ஹிலியருக்கும் மேரி ரயனுக்கும் பெயர் உண்டு, களுத்துறைச் சிறுமிக்கு வயது மட்டுமே உண்டு.

இன்னொரு சம்பவம் இதை விடக் கூர்மையானது. 1877ஆம் ஆண்டளவில் மரியான் நோர்த் என்ற ஆங்கில ஓவியப் பெண்மணி களுத்துறைக்கு வந்து கமரன் வீட்டில் தங்கினார். தாவரங்களை வரைவதற்காக உலகைச் சுற்றியவர் அவர். தமது நினைவுக் குறிப்புகளில் அந்த வீட்டுத் தோட்டக்காரனைப் பற்றிச் சொல்கிறார். ஓர் இளைஞனின் முதுகு கமரனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்றாம். அந்த முதுகுக்காகவே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக் கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமே இல்லை, அவனுக்கோ தோட்டக்காரன் என்றால் என்னவென்றே தெரியாது என்று நோர்த் வேடிக்கையாக எழுதுகிறார். வாசிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது. சிரித்து முடிந்த பின் யோசித்தால், சம்பளம் கொடுத்து ஒரு முதுகை வாங்கி வைத்திருக்கிறார்கள். கூர்பே படத்தில் இளைஞன் முதுகைக் காட்டி நின்றதற்குக் கல்லுடைப்பு ஒரு காரணம். இங்கு அந்தக் காரணமும் இல்லை.

அக்கால வழக்கம் அதுதானே, கமரனை மட்டும் ஏன் குற்றஞ்சாட்ட வேண்டும் என்று கேட்கலாம். உண்மை. கொழும்பிலிருந்த ஸ்கீன், ஸ்கோவன் போன்ற புகைப்பட நிறுவனங்களும் 'தமிழ்ப் பெண்', 'சிங்கள ஆண்', 'சோனக வியாபாரி' என்ற வகையில் படங்கள் எடுத்து வெள்ளைப் பிரயாணிகளுக்கு விற்றன. எமது மூதாதையரும் அந்த அல்பங்களில் பெயரின்றி நிற்கின்றனர். அவர்களிடம் நான் பெயர் கேட்க மாட்டேன். அவர்கள் விற்றது முகத்தை அல்ல, வகையை. கமரனிடம் கேட்கலாம். அவர் முகத்தின் அருகே போனவர், ஒரு முகத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்று காட்டத் தெரிந்தவர். இவ்வளவு நெருங்கி வந்தவர் கடைசி அடியை வைக்காததுதான் குறை. சுமாரான கலைஞன் மீது இந்தக் குறையைச் சுமத்த முடியாது.

அதோடு, வேலையாளின் பெயர் எழுதும் வழக்கமே அன்று இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கமரன் வந்து இறங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து விட்டது. வீட்டு வேலைக்காரர்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் அது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஊர்களில் வேலைக்காரனின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், அவனது நடத்தை பற்றிய குறிப்புகளோடு அவனுக்கு ஒரு கையேடும் தரப்படும். பொலிசாரின் மேற்பார்வையில் நடந்த ஏற்பாடு. வெள்ளிக் கரண்டி காணாமற் போனால் தேடிப் பிடிக்கப் பெயர் வேண்டும். ஆக, சந்தேகத்தின் ஏட்டில் அவர்களுக்குப் பெயர் இருந்தது. அழகின் ஏட்டில்தான் இல்லை.

இந்த மறதி படங்களோடு நின்று விடவுமில்லை. கொழும்பில் எமது சமூகத்தவர் அடர்ந்து வாழும் பகுதியொன்று ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைகளின் தீவு, என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்டு வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகளை அடைத்து வைத்த இடம். தமிழிலும் சிங்களத்திலும் அது கொம்பனித் தெரு. ஆங்கிலம் அடிமைகளை நினைவில் வைத்தது, எமது மொழிகள் கொம்பனியை நினைவில் வைத்தன. எது மேல் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அந்த அடிமைகளில் ஒருவருடைய பெயரேனும் அங்குள்ள ஒரு சந்துக்குக் கூட வைக்கப்படவில்லை என்பது மட்டும் இரண்டிலும் பொது.

ஜூலியா கமரன் 1879 ஜனவரியில் டிக்கோயாவில் மகனின் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவையில் தேவாலய வளவில் அவரும் அடுத்த ஆண்டு இறந்த கணவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அந்த மலைகளிலிருந்து புறப்படும் பஸ்களில்தான் கொழும்புக்கு வேலைக்காரப் பிள்ளைகள் இறங்கினார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கட்டட வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? குசினிக்குப் பின்னால், உடுப்புக் காயப்போடும் இடத்தை ஒட்டி, ஓர் ஆள் நீட்டிப் படுக்கச் சற்றே போதாத அறையொன்று இருக்கும். பக்கத்தில் தனிக் கழிப்பறை. விற்பனை விளம்பரத்தில் அது ஒரு வசதியாக எண்ணப்படும். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் அந்த இடம் பின் முற்றத்தில் இருந்தது, இப்போது ஆறாம் மாடிக்கு ஏறி விட்டது. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் வேலை செய்த கொழும்பு வீட்டில் ஏற்பட்ட தீக்காயங்களால் வைத்தியசாலையில் இறந்தபோது, அவள் படுத்த அறையைப் பற்றி நாடே பேசியது. அப்பேச்சு அரசியலாகி, இனமாகி, எம்மிற் பலர் வாயை மூடிக் கொண்டோம். எழுத்தாளர்களும் மூடிக் கொண்டோம் என்பதை இந்தப் பக்கங்களிலாவது சொல்லி வைக்க வேண்டும்.

எமது சிறுகதைகளுக்கு வருவோம். அவற்றில் வேலைக்காரப் பிள்ளை தேத்தண்ணி கொண்டு வருவாள். கொண்டு வந்து வைத்து விட்டுப் போவாள். அவள் போன பிறகுதான் ஹாஜியாரும் மருமகனும் கதையைத் தொடங்குவார்கள். சோலாவின் கருமைத் திட்டுப் போல, காட்சிக்கு ஒரு வீட்டுக் களையைக் கொடுப்பதே அவளுடைய பணி. ஏழைகளுக்காக எழுதுகிறோம் என்று மார்தட்டும் கதைகளிலும் இதுவே நிலைமை. இன்னொரு வகை, அவளைப் புனிதவதியாக்கி இறுதிப் பந்தியில் அழ வைக்கும் வகை. அது கமரனின் மர்யம். இரண்டிலும் அவள் என்ன வேலை செய்கிறாள், எத்தனை மணிக்கு எழும்புகிறாள், மிச்சச் சோற்றை எந்தப் பாத்திரத்தில் சாப்பிடுகிறாள் என்பது இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை மாணவரின் ஆக்கங்களை மதிப்பிடும் வேலை எனக்கு வந்தது. கட்டுக் கட்டாகத் தாயைப் பற்றிய கட்டுரைகள். தாய் தெய்வம், தாய் நிலவு, தாய் மெழுகுவர்த்தி. அவற்றின் நடுவே தரம் எட்டுப் படிக்கும் பிள்ளையொன்று எழுதியிருந்தது: உம்மா றியாத்தில் ஒரு வீட்டில் பன்னிரண்டு பேரின் உடுப்பை ஸ்திரிக்கை போடுகிறார், அதனால் வலது தோளால் போனைப் பிடிக்க முடியாது, இடது காதில்தான் பேசுவார். அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றுமில்லை, எழுத்துப் பிழைகள் மூன்று. வேலையாளின் உருவப்படம் தமிழில் எப்படி இருக்க வேண்டும் என்று எவரேனும் கேட்டால் நான் அந்த இரண்டு வரியைத்தான் காட்டுவேன்.

கமரன் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாக இன்று வேலையாளின் உருவப்படம் கடவுச்சீட்டுப் புகைப்படம். முகவர் அழைத்துப் போகும் ஸ்ரூடியோவில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிக்காதே என்று சொல்லி எடுப்பது. பல விநாடிகள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத் தவிர வேறு சலுகை இல்லை. எமது கிராமங்களில் எத்தனையோ பெண்களுக்கு அதுதான் தனியே எடுத்த முதற்படம். ரிசானா நபீக்கை உலகம் அறிந்ததும் அப்படியொரு சின்னப் படத்தின் வழியாகத்தான். மூதூரிலிருந்து 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளை. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கைக்குழந்தையின் மரணத்துக்காக 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டாள். அவளைப் பற்றி எமது கவிஞர்கள் நிறையவே எழுதினார்கள். பூ, சிறகொடிந்த பறவை, சுவனத்துக் குயில் என்று எழுதினார்கள். அந்தக் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பால் போத்தலைக் கையில் பிடித்திருந்த பதினேழு வயதுப் பெண், பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாதவள், மொழி தெரியாதவள், அந்தக் குசினியில் தனியே நின்றவள் – அவளை அக்கவிதைகளில் தேடினால் கிடைப்பது அரிது.

அந்தக் கடவுச்சீட்டைப் பற்றி ஒன்று. களுத்துறைப் படத்தின் கீழ் வயது மட்டும் இருந்தது, பெயர் இருக்கவில்லை. ரிசானாவின் படத்தருகே பெயர் இருந்தது, வயது பொய்யாக இருந்தது. பிறப்புச் சான்றிதழின்படி அவள் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் யாரோ 1982 என்று எழுதுவித்திருந்தார்கள்.